கிராமத்துப் பள்ளியின் நல்லாசிரியரை அங்கீகரிப்பது எப்படி: நோட்டு போடுவது முதல் பாராட்டு விழா வரை முழுமையான வழிகாட்டி

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள், முன்னாள் மாணவர்கள், ஊர்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஒன்றியத்தில் நான்கு பள்ளிகளில் இந்த வேலையில் கூட இருந்திருக்கிறேன். நான்கிலும் ஒரே இடத்தில்தான் தடுக்கியது. ஆசிரியர் செய்த வேலை ஊருக்கே தெரியும், ஆனால் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் எல்லோரும் சால்வைக்கும் கேடயத்துக்கும் ஓடுவார்கள். "அவர் என்ன செய்தார்?" என்று ஓர் அதிகாரி கேட்டால், "ரொம்ப நல்ல சார்" என்பதற்கு மேல் சொல்ல வராது.

அதனால் இந்த வழிகாட்டியில் விழாவுக்குக் கடைசி இடம்தான். முன்னால் வருவதெல்லாம் பார்ப்பது, கேட்பது, எழுதுவது.

1. ஜூன் மாதத்தில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 200 பக்க நோட்டு, அதில் தவறாமல் எழுதக்கூடிய ஓர் ஆள், தலைமையாசிரியரின் சம்மதம், ஒரு நாள்காட்டி. இவ்வளவு போதும்.

எழுதும் ஆள் ஒருவராகவே இருக்கட்டும். மூன்று பேரிடம் பிரித்துக் கொடுத்தால் மூன்று பேரும் மற்றவர் எழுதியிருப்பார் என்று விட்டுவிடுவார்கள். கல்லூரியில் படிக்கும் முன்னாள் மாணவர் யாராவது இருந்தால் அவர்தான் சரியான ஆள். ஊரையும் தெரியும், பள்ளியையும் தெரியும், இப்போது அங்கே படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் அவர் பெற்றோர் இல்லை.

நாள்காட்டியில் மூன்று இடங்களைக் குறியுங்கள். தேசிய நல்லாசிரியர் விருதுக்கான இணைய விண்ணப்பம் வழக்கமாக ஜூன், ஜூலை வாக்கில் திறக்கும். ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை. செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். பள்ளி திறந்த அதே மாதத்தில் விண்ணப்பமும் திறப்பதால், இந்த ஜூனில் தொடங்கும் நோட்டு அடுத்த ஆண்டின் விண்ணப்பத்துக்குத்தான் உதவும். ஒரு கல்வியாண்டு முழுக்கப் பார்க்காமல் யாரையும் முன்னிறுத்தாதீர்கள். அவசரத்தில் செய்த கோப்பு ஆய்வின்போது நிற்காது. பிறகு நிஜமாகவே தகுதியான ஆசிரியர் வரும்போதும் உங்கள் ஊரின் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

2. எந்த அங்கீகாரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று நிலைகள் உண்டு, மூன்றுக்கும் வழி வேறு. இதைக் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

தேசிய நல்லாசிரியர் விருது: 2018 முதல் ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஊரோ பள்ளி மேலாண்மைக் குழுவோ பரிந்துரைக் கடிதம் அனுப்பி அவரைப் பட்டியலில் சேர்க்க முடியாது. நிரந்தரப் பணியில் இருப்பவராகவும் குறைந்தது 10 ஆண்டு பணி முடித்தவராகவும் இருக்க வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்களுக்கு இடமில்லை. தனியாக டியூஷன் எடுப்பவருக்கும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவே ஆசிரியர் டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. விருதாக வெள்ளிப் பதக்கமும் 50,000 ரூபாயும் சான்றிதழும் தருகிறார்கள்.

மாநில அரசின் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது: 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ். இது பள்ளிக்கல்வித் துறை வழியாகப் போகும். படிவம், கடைசி நாள், தகுதி எல்லாமே அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையில் இருக்கும். போன ஆண்டின் சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். தலைமையாசிரியரிடமோ வட்டாரக் கல்வி அலுவலகத்திலோ புதியதைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது ஊர் தரும் அங்கீகாரம். இதற்கு விதி எதுவும் கிடையாது. பள்ளி மேலாண்மைக் குழு வழியாக வேலைக்கு வந்த தற்காலிக ஆசிரியர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் போன்றவர்களுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு இதுதான். கிராமங்களில் பல பிள்ளைகளுக்கு எழுத்து பிடிபட்டது இவர்களின் கையால் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே மூன்றாவது நிலையைச் சின்னதாக நினைக்க வேண்டாம்.

"குக்கிராமத்துப் பள்ளியை யார் பார்ப்பார்கள்?" என்று தயங்குவோர் உண்டு. 2022-இல் தேசிய விருது பெற்றவர்களில் ராமநாதபுரம் மாவட்டம் கீழாம்பல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ராமச்சந்திரனும், 2024-இல் பெற்றவர்களில் வேலூர் மாவட்டம் ராஜாகுப்பம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் கோபிநாத்தும் இருந்தார்கள். இரண்டுமே கிராமப் பள்ளிகள். பார்க்கத்தான் செய்கிறார்கள்.

3. ஆசிரியரிடம் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. "தெரியாமல் செய்து ஆச்சரியப்படுத்தலாம்" என்று நினைக்கிறார்கள். ஒரு பள்ளியில் நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். இரண்டு மாதம் கழித்து விஷயம் தெரிந்தபோது டீச்சர் வருத்தப்பட்டார். அது ஈராசிரியர் பள்ளி. அவரைப் பாராட்டினால் கூட வேலை செய்யும் இன்னொருவர் என்ன நினைப்பார் என்ற கவலை அவருக்கு. அந்தக் கவலை நியாயமானது. ஐந்து வகுப்பை இரண்டு பேர் பங்கு போட்டு நடத்தும் இடத்தில், ஒருவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார முடிவதே மற்றவர் மீதி வகுப்புகளைப் பார்த்துக்கொள்வதால்தான்.

பள்ளி விட்ட பிறகு நேரில் போய்க் கேளுங்கள். போனிலோ வாட்ஸ்அப் குழுவிலோ கேட்க வேண்டாம். மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நாங்கள் விவரம் திரட்டப் போகிறோம், விருது நிச்சயமில்லை, வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவோம். தேசிய விருதுக்கு அவரேதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அவர் மனம் இல்லாமல் ஒரு படியும் நகராது.

4. எதைப் பார்க்க வேண்டும்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். நல்ல ஆசிரியரைத் தவறவிடுவதும், கண்ணுக்குத் தெரிகிறவரைத் தேர்ந்தெடுத்துவிடுவதும் இங்கேதான் நடக்கின்றன.

மதிப்பெண்ணில் தொடங்காதீர்கள். பிள்ளை ஜூனில் எங்கே இருந்தது, ஏப்ரலில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தொடக்க வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். ஆண்டின் தொடக்கத்தில் அரும்பில் இருந்த எத்தனை பேர் மலருக்கு வந்தார்கள் என்ற எண்ணிக்கை, நூறு பேருக்கு முன்னால் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் பேசிய வீடியோவைவிடப் பெரியது. நன்றாகப் படிக்கிற பிள்ளையை யார் வேண்டுமானாலும் மேடையேற்றலாம். எழுத்தே தெரியாமல் வந்த பிள்ளையை நகர்த்தியது யார் என்பதுதான் கேள்வி.

அடுத்தது வருகை. ஆண்டு முழுவதற்குமான சராசரியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் ஊரில் எந்த மாதம் பிள்ளைகள் காணாமல் போவார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கடலை பிடுங்கும் காலம், கரும்பு வெட்டப் போகும் காலம், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு கிளம்பும் காலம், ஊர்த் திருவிழாவுக்கு அடுத்த வாரம். அந்த மாதங்களில் வருகை எப்படி இருந்தது? போன பிள்ளைகள் திரும்பி வந்தார்களா? யார் போய்க் கூப்பிட்டார்கள்? ஒரு பள்ளியில் சூளைக்குப் போன நான்கு பிள்ளைகளின் அப்பாக்களுக்கு வாரம் ஒருமுறை போன் செய்து, பிள்ளைகளிடம் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார் ஒரு சார். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பாட்டி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, பள்ளி மாறும் இடம். ஐந்து முடித்தவர்கள் எல்லோரும் ஆறில் சேர்ந்தார்களா? எட்டு முடித்த பெண் பிள்ளைகள் ஒன்பதுக்குப் போனார்களா? தூரத்து ஊருக்குப் பஸ் இல்லை என்பதற்காக நின்றுபோகும் பிள்ளைகள் இன்னும் உண்டு. மாற்றுச் சான்றிதழைக் கொடுத்ததோடு நிற்காமல், அடுத்த பள்ளி வரை கூடப் போய்ச் சேர்த்துவிட்டு வரும் ஆசிரியரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நடுநிலை, உயர்நிலைப் பள்ளி என்றால் எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வையும், ஒன்பதாம் வகுப்பு கிராமப்புற மாணவர்களுக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வையும் பாருங்கள். முதலாவதில் தேர்ச்சி பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். கூலி வேலை செய்யும் வீட்டில் அந்தப் பணம் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தாமல் காக்கும். தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் எண்ணாதீர்கள். எத்தனை பேரை எழுத வைத்தார் என்பதையும் எண்ணுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, சுவரோவியம், ஸ்மார்ட் டிவி, டைல்ஸ் தரை ஆகியவற்றைப் பார்த்து மயங்குவது. நன்கொடை திரட்டுவதும் நல்ல வேலைதான், ஆனால் அது கற்பித்தல் ஆகாது. அந்த டிவி வந்த பிறகு பிள்ளைகளுக்கு என்ன மாறியது என்று கேளுங்கள். இரண்டு, சொந்தப் பணம் செலவழிப்பதை முதல் தகுதியாக வைப்பது. இது எனக்கு உறுத்தலான விஷயம். ஆசிரியர் சம்பளத்தில் நோட்டு வாங்கித் தந்தால் நன்றி சொல்வோம். அதையே அளவுகோல் ஆக்கினால், வீட்டுக் கடனோடு திணறிக்கொண்டே அருமையாகப் பாடம் நடத்தும் டீச்சர் பட்டியலில் வரவே மாட்டார்.

5. விவரம் திரட்டும் வரிசை

பிள்ளைகள், பெற்றோர், பள்ளியை விட்டுப் போனவர்கள், பதிவேடுகள், கடைசியாக ஆசிரியர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆசிரியரிடம் முதலில் பேசினால் அவர் சொன்னதே மனதில் நிற்கும். அப்புறம் மற்றவர்களிடம் அதற்கு ஆமாம் வாங்கத்தான் போவீர்கள்.

பிள்ளைகளிடம் "சார் நல்லா நடத்துறாரா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். இப்படிக் கேளுங்கள்: "நீ ரெண்டு நாள் லீவு போட்டா திரும்பி வர்றப்ப என்ன நடக்கும்?" "கணக்கு புரியலன்னா யார்கிட்ட கேப்ப?" "தப்பா சொன்னா என்ன சொல்லுவாங்க?" இந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் வகுப்பறையே தெரிந்துவிடும். பயந்த பிள்ளை பதில் சொல்லாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும். பேச்சு பள்ளி வளாகத்திலேயே, இன்னொரு பெரியவர் கூட இருக்கும்போது நடக்கட்டும். பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம். வகுப்பை மட்டும் எழுதுங்கள்.

தாய்மார்களை நூறு நாள் வேலை முடிந்து வரும் நேரத்தில் பாருங்கள். பள்ளிக் கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் மட்டும் பேசினால் பாதி ஊர்தான் கிடைக்கும். கூட்டத்துக்கே வராத வீடுகளுக்கும், ஊருக்கு வெளியே இருக்கும் குடியிருப்புக்கும் கட்டாயம் போங்கள். ஓர் ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்துகிறாரா என்பதற்கான பதில் அந்த வீடுகளில்தான் இருக்கிறது. நாங்கள் மிகவும் மதித்த ஒருவரின் பெயரை அந்தப் பதிலைக் கேட்ட பிறகு எடுத்துவிட்டோம்.

சத்துணவு, காலை உணவு சமைக்கும் அக்காக்களிடமும் பேசுங்கள். யார் எத்தனை மணிக்கு வருகிறார், சாப்பிடாத பிள்ளையை யார் கவனிக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

பதிவேடுகளைத் தலைமையாசிரியர் முன்னிலையில் பாருங்கள். எண்களை மட்டும் நோட்டில் குறியுங்கள், போனில் படம் எடுக்க வேண்டாம். சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் சாதி, முகவரி, பெற்றோர் விவரம் எல்லாம் இருக்கும். அது வாட்ஸ்அப்பில் சுற்றினால் நீங்கள் செய்த நல்லது அத்தனையும் போய்விடும்.

ஆசிரியரிடம் கடைசியாகப் பேசும்போது ஒரே ஒரு கேள்வி முக்கியம்: "நீங்க முயற்சி பண்ணி சரியா வராம போனது எது?" சரியாக வராததை விளக்கமாகச் சொல்லத் தெரிந்தவர் தன் வேலையைக் கவனித்துக்கொண்டே இருப்பவர். கோப்பில் அது நேரடியாக வராது. ஆனால் உங்கள் முடிவுக்கு உதவும்.

6. கோப்பு எழுதுவது

ஒவ்வொரு தகவலும் நான்கு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: முன்பு என்ன நிலை, ஆசிரியர் என்ன செய்தார், பிறகு என்ன மாறியது, யாருக்குத் தெரியும்.

இப்படி எழுதாதீர்கள்: "மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்த அர்ப்பணிப்புடன் அயராது உழைத்தார்." இதை எந்த ஆசிரியரைப் பற்றியும் எழுதலாம். அதனால் படிக்கிறவர் தாண்டிப் போய்விடுவார்.

இப்படி எழுதுங்கள்: "ஜூனில் மூன்றாம் வகுப்பில் 14 பேரில் 9 பேருக்குச் சொற்களைச் சேர்த்து வாசிக்க வரவில்லை. காலை உணவு முடிந்து மணி அடிப்பதற்குள் இருக்கும் 20 நிமிடத்தில் அந்த 9 பேரோடு தினமும் உட்கார்ந்தார். ஏப்ரலில் 7 பேர் பாடப் பத்தியை வாசித்தார்கள். தலைமையாசிரியரும் காலை உணவுப் பணியாளரும் பார்த்திருக்கிறார்கள்." இது மாதிரிக்கு எழுதியது, எண்கள் உங்கள் பள்ளியுடையதாக இருக்கட்டும். மீதி 2 பேர் வாசிக்கவில்லை என்பதை மறைக்காதீர்கள். எல்லாமே நூறு சதவீதம் என்று எழுதிய கோப்பை ஆய்வாளர்கள் சந்தேகத்தோடுதான் திறப்பார்கள்.

பெற்றோர் கடிதங்கள் இணைப்பதென்றால் அவரவர் சொன்னதை அவரவர் சொல்லிலேயே வையுங்கள். எழுதத் தெரியாத அம்மா சொல்வதை இன்னொருவர் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கலாம். பதினைந்து கடிதமும் ஒரே கையெழுத்தில், ஒரே வாசகத்தில் இருந்த கோப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே நல்ல ஆசிரியரின் கோப்பு அது. பொய் போலத் தெரிந்தது.

புகைப்படங்கள் பத்துக்கு மேல் வேண்டாம். சால்வை வாங்கும் படங்களை எடுத்துவிட்டு வகுப்பு நடக்கும் படங்களை வையுங்கள். பிள்ளைகள் முகம் தெரிந்தால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காணொளி இரண்டு நிமிடம் போதும், பின்னணி இசை வேண்டாம். பிள்ளையின் குரல் கேட்க வேண்டும்.

தேசிய விருது விண்ணப்பத்தில் தரும் தகவல் உண்மை என்று ஆசிரியர் உறுதிமொழி தர வேண்டும். நீங்கள் ஆசையில் கூட்டி எழுதும் ஓர் எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் அவரே படித்துச் சரிபார்க்கட்டும்.

7. விண்ணப்பமும் ஆய்வும்

கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே பதிவேற்றி முடியுங்கள். கடைசி இரண்டு நாள் இணையதளம் நகராது. கிராமத்து நெட்வொர்க்கில் காணொளி ஏறவே ஏறாது. கோப்புகளின் அளவு வரம்பை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட அளவில் குழு விண்ணப்பங்களைச் சரிபார்த்து மாநிலத்துக்கு அனுப்பும். அதன் பிறகே தேசிய நடுவர் குழு. ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு வரவேற்பு வளைவு, மேளம் என்று எதுவும் வேண்டாம். வழக்கமான வகுப்பு நடக்கட்டும். உங்கள் நோட்டு மேசையில் இருக்கட்டும்.

8. ஊர் தரும் பாராட்டு

விருது வருகிறதோ இல்லையோ, இதை நீங்களே செய்யலாம். வரிசை இது.

ஜூலையில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுங்கள். "பாராட்டுகிறோம்" என்று மட்டும் எழுதாமல், கோப்பிலிருந்து இரண்டு செயல்களை எண்ணோடு எழுதுங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் என்பதால் இது பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சொல்லாக நிற்கும்.

அடுத்து ஆகஸ்ட் 15 கிராம சபை. ஆசிரியர் தினத்துக்கு மூன்று வாரம் முன்னால் வருவதால் இதுவே பொருத்தமான சபை. பொருள் நிரலில் சேர்க்கும்படி ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அன்று காலையில் போய்க் கேட்டால் குடிநீரும் தெருவிளக்கும் பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நான் பார்த்த ஆசிரியர்களில் கேடயத்தை அலமாரியில் வைத்தவர்கள் உண்டு, கிராம சபைத் தீர்மான நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவர் ஒருவர் உண்டு.

செப்டம்பர் 5 விழாவை ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். பிள்ளைகளை வெயிலில் உட்கார வைக்க வேண்டாம். பிள்ளைகளிடமிருந்து ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. கட்சிக்காரர் படம் போட்ட பிளெக்ஸ் வேண்டாம். ஆசிரியர் அரசு ஊழியர், அந்தப் படம் அவருக்குத்தான் தொல்லை. முதலில் பேசுவது முன்னாள் மாணவர், அடுத்து ஒரு தாய், கடைசியில் ஆசிரியர். முக்கியப் பிரமுகர் வந்தால் வாழ்த்திவிட்டு உட்காரட்டும். கூட வேலை செய்யும் ஆசிரியர்கள், சமையல் அக்காக்கள், தூய்மைப் பணியாளர் ஆகியோர் அதே மேடையில் இருக்க வேண்டும். மூன்றாம் படியில் சொன்ன அந்த டீச்சர், இதற்கு ஒப்புக்கொண்டால்தான் வருவேன் என்றார். அன்றிலிருந்து எல்லாப் பள்ளியிலும் இதையே செய்கிறோம்.

பரிசு வாங்குவதென்றால் அவர் வகுப்புக்கு எது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பள்ளியில் தாழ்வான புத்தக அலமாரி கேட்டார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை எட்டும் உயரத்தில். ஊர்த் தச்சரே செய்து கொடுத்தார்.

9. செப்டம்பருக்கு அப்புறம்

தேசிய விருதுக்கு ஒரு மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்குப் போவது அதிகபட்சம் மூன்று பெயர்கள். பெரும்பாலான நல்ல கோப்புகள் திரும்பத்தான் செய்யும். இதை ஆசிரியரிடம் மூன்றாம் படியிலேயே சொல்லியிருந்தால் இப்போது யாருக்கும் முகம் வாடாது. கோப்பைக் கிழித்துப் போடாமல் அடுத்த ஆண்டின் எண்களைச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு ஊருக்குப் போக நேரலாம். "எங்கள் ஊர் சாரை விடமாட்டோம்" என்று பள்ளிக்குப் பூட்டுப் போடும் வேலையில் இறங்காதீர்கள். அவருக்கும் வயதான பெற்றோர், பிள்ளைகள், தூரத்து வீடு என்று வாழ்க்கை இருக்கிறது. கோப்பின் முழு நகலையும் அவரிடம் கொடுங்கள். புதிய ஊரின் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி, அவர் சம்மதத்தோடு அனுப்புங்கள். நோட்டு மட்டும் உங்கள் பள்ளியிலேயே இருக்கட்டும். அவர் இடத்துக்கு வருகிற புதிய ஆசிரியரிடம் அதைப் படிக்கக் கொடுங்கள். எந்தப் பிள்ளை எந்த மாதம் சூளைக்குப் போகும், திரும்பி வரும்போது எந்தப் பாடத்தில் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.